வெளியே அடிக்காத ஸ்டாப்பர்

தலைவர் அவர்களே, சங்கத்து நண்பர்களே, ஜெர்சியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆண்டுவிழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் போன் செய்தபோது, "மெஸ்ஸி, ரொனால்டோ, யாரைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க சார், பசங்க ரசிப்பாங்க" என்றார். நான் கால்பந்தில் ஸ்டாப்பர் ஆடியவன், நம் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற வேலை. கோல் போடுகிறவனுக்கு மாலை விழுவதை ஓரமாக நின்று கைதட்டிப் பார்த்தே வளர்ந்தவன். அதனால் இன்றைக்கு ஒரு ஸ்டாப்பரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அன்வர் அலி. தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். நாலு, அஞ்சு. பரவாயில்லை, நான் நினைத்ததைவிட மூன்று பேர் கூடுதல்.

எங்கள் காலத்தில் ஸ்டாப்பருக்கு ஒரே ஒரு பாடம்தான். பந்து நம் பாக்ஸ் பக்கம் வந்தால் எங்கள் கோச் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துவார்: "வெளியே அடிடா!" காலில் வாங்கி நிறுத்தி, யார் காலியாக நிற்கிறான் என்று நிமிர்ந்து பார்த்தால் போச்சு, இடைவேளையில் மோர் கிடைக்காது. வெளியே அடித்தால் த்ரோ போகும், கார்னர் போகும், ஆனால் கோல் போகாது. பழி நம் மேல் விழாது. அந்தப் பாடத்தோடுதான் நான் 12 வருஷம் ஆடினேன். நான் கொடுத்த பாஸில் ஒரு கோல் விழுந்ததாக எனக்கு நினைவில்லை.

அன்வர் அந்தப் பாடத்தைப் படிக்காத பையன். 2000 ஆகஸ்ட் 28-இல் பஞ்சாபில், ஜலந்தரை அடுத்த ஆதம்பூரில் பிறந்தவர். எளிய குடும்பம். மொகாலி பக்கத்தில் இருக்கும் மினர்வா அகாடமியில் வளர்ந்தார். 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை நம் நாட்டில் நடக்கப்போகிறது. இந்திய அணி வருடக்கணக்கில் முகாம் போட்டுத் தயாராகிக்கொண்டிருக்கிறது. அந்த அணியை ஒரு பயிற்சி ஆட்டத்தில் மினர்வா பையன்கள் தோற்கடித்துவிட்டார்கள். போர்ச்சுகல்காரர் லூயிஸ் நோர்ட்டன் டி மாட்டோஸ்தான் பயிற்சியாளர். ஜெயித்த பக்கத்திலிருந்து சிலரைத் தன் அணிக்கே எடுத்துக்கொண்டார். அன்வர் அதில் ஒருவர், உலகக்கோப்பையில் இந்தியாவின் முதல் கோலைப் போட்ட ஜீக்சன் சிங் இன்னொருவர்.

2017 அக்டோபர் 6, டெல்லி நேரு ஸ்டேடியம், அமெரிக்காவோடு முதல் ஆட்டம். இரண்டு கோல் பின்தங்கியாயிற்று. ஆட்டம் முடிய ஆறேழு நிமிஷம். நமக்கு ஒரு கார்னர். தடுப்பில் நிற்க வேண்டிய அன்வர் மேலே ஏறி வந்திருக்கிறார். பந்து காலுக்கு வருகிறது, ஓங்கி விடுகிறார். குறுக்குக் கம்பியில் 'டங்'! நான் டீக்கடை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவர் கிளாஸோடு எழுந்துவிட்டார், பாதி டீ என் சட்டையில். அவர் உட்காருவதற்குள் அமெரிக்கா அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி மூன்றாவது கோலைப் போட்டுவிட்டது. ஏறிப் போகிற ஸ்டாப்பரின் லாபமும் நஷ்டமும் பத்துப் பதினைந்து நொடியில் தெரிந்துவிட்டது. எங்கள் கோச் பார்த்திருந்தால் ஒரு வாரம் மோர் நிறுத்தியிருப்பார்.

அந்த உலகக்கோப்பைப் பையன்களை வைத்துத்தான் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு இந்தியன் ஆரோஸ் என்ற அணியை ஐ-லீக் என்ற தேசியப் போட்டியில் இறக்கியது. முதல் ஆட்டத்திலேயே 3-0 என்று ஜெயித்தார்கள். யாரை என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன், நம்ம சென்னை சிட்டியைத்தான். (சிரிப்பு) அடுத்த சீசனில் அதே சென்னை சிட்டி கோயம்புத்தூரில் வைத்து லீக் பட்டத்தையே வாங்கியது, அது வேறு கணக்கு.

தம்பிகள் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்க்க வேண்டியது 2018 ஆகஸ்டு. ஸ்பெயினில் வலென்சியா பக்கம் கோட்டிஃப் கோப்பை. 20 வயதுக்குட்பட்ட இந்திய அணி அங்கே முதலில் மூர்சியாவிடம் தோற்றது, மொரித்தானியாவிடம் தோற்றது, வெனிசுவேலாவோடு டிரா. கடைசி ஆட்டம் அர்ஜென்டினாவோடு. அந்தப் பக்கம் பெஞ்சில் பயிற்சியாளராக லயனல் ஸ்கலோனி. ஆமாம், 2022-இல் கத்தாரில் உலகக்கோப்பையைத் தூக்கிய அதே ஸ்கலோனிதான். நாலாவது நிமிஷத்தில் தீபக் டாங்ரி தலையால் முட்டி ஒரு கோல். 54-வது நிமிஷத்தில் அனிகேத் ஜாதவுக்கு சிவப்பு அட்டை. பத்துப் பேர். எங்களை மாதிரி ஆட்கள் என்றால் அதற்குப் பிறகு பந்தைப் பார்க்கும்போதெல்லாம் வெளியே அடித்தே பொழுதை ஓட்டியிருப்போம். 68-வது நிமிஷம் தூரத்தில் ஒரு ஃப்ரீ கிக். அதை அடிக்க வந்து நின்றவர் அன்வர். இந்த முறையும் பந்து கம்பியில்தான் பட்டது. பட்டு உள்ளே போயிற்று. அர்ஜென்டினா ஒன்று திருப்பியது, அதோடு சரி. இந்தியா 2, அர்ஜென்டினா 1.

18 முடியாத வயது. மும்பை சிட்டி எஃப்.சி. வாங்கியாயிற்று. 2019-இல் பெரியவர்கள் அணியின் புதிய பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் தேசிய முகாமுக்கும் கூப்பிட்டுவிட்டார். அந்த வருஷம்தான் மருத்துவப் பரிசோதனையில் இதயம் சிக்கியது.

ஈசிஜி எடுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். மார்பில் சில்லென்று ஜெல், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கிளிப், "மூச்சை இழுக்காதீங்க, சும்மா படுங்க" என்று ஒரு குரல். ரோஸ் கட்டம் போட்ட தாள் நாக்கு மாதிரி வெளியே வரும். அவ்வளவுதான் வேலை. அந்தக் கோடு மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனால் டாக்டர் மறுபடி பார்ப்பார், எக்கோவுக்கு அனுப்புவார். அன்வருக்கு வந்தது ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. இதயத்தின் தசைச்சுவர் வெளியே தெரியும் காரணமில்லாமல் தடித்துப் போவது. அவருக்கு நுனிப்பகுதியில் தடித்திருந்தது. ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கும் என்று மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆகாது. சிலருக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே துடிப்பு தடம் புரண்டுவிடும். இதில் இன்னொரு சிக்கல்: வருஷக்கணக்கில் கடுமையாகப் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு ஆரோக்கியமான இதயமே கொஞ்சம் தடிக்கும். எது உழைப்பு, எது நோய் என்று பிரித்துச் சொல்ல நல்ல கண் வேண்டும்.

பயம் வெறும் பயமில்லை. 2003 ஜூன் 26, பிரான்ஸில் லியோன் மைதானம், கேமரூனுக்கும் கொலம்பியாவுக்கும் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதி. 72-வது நிமிஷத்தில் கேமரூன் ஆட்டக்காரர் மார்க்-விவியன் ஃபோயே, பக்கத்தில் யாருமே இல்லாமல், நடுவட்டத்தில் சாய்ந்தார். 28 வயது. பிரேதப் பரிசோதனையில் வந்தது இதே நோய்தான்.

அதனால் கூட்டமைப்பு "ஆடாதே" என்று சொன்னதை நான் குறை சொல்லமாட்டேன். அப்போது அதன் மருத்துவக் குழுவின் தலைவராக இருந்தவர் டாக்டர் வேஸ் பயஸ், டென்னிஸ் லியாண்டரின் அப்பா, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஹாக்கி வெண்கலம் வாங்கிய அணியில் ஆடியவர். மைதானம் என்றால் என்னவென்று தெரியாதவராக இருக்கவில்லை. ஆனால் பாருங்கள், மும்பை சிட்டியோடு இருந்த தொடர்பு முடிந்தது. கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங் எடுத்துக்கொண்டது. இறுதி முடிவு வரும்வரை பயிற்சிக்குக்கூட விடாதே என்று 2020-இல் அவர்களுக்குக் கடிதம் போயிற்று. பையன் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். ஆட்டம் என் பிழைப்பு, அதைப் பறிக்கிறார்கள் என்பது அவர் வழக்கு. 20 வயதில் பிழைப்பு என்ற சொல்லை நீதிமன்றத்தில் சொல்ல நேர்ந்தது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து எங்கள் கோச் சொன்னதைத்தான் செய்தார்கள். வெளியே அடித்தார்கள். பந்து வெளியே போனால் பழி வராது. ஆனால் அடிபட்டு வெளியே போனது 19 வயசுப் பையன். தடுப்பாட்டக்காரனுக்கு 19-லிருந்து 21 வரை என்பது சின்னக் காலமில்லை. எப்போது ஏறணும், எப்போது நிற்கணும் என்பது தனக்கு எதிரே வேகமான ஆட்கள் ஓடி வந்தால்தான் படியும். தனியே ஓடினால் படியாது.

வெளிநாட்டிலும் ஒரே பதில் கிடையாது. 2021 ஜூன் 12-இல் கோபன்ஹேகனில் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவில் இதயம் நின்று விழுந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மார்பில் துடிப்பைச் சீராக்கும் கருவி வைத்தார்கள். அந்தக் கருவியோடு இத்தாலியில் ஆட விதி இடம் தரவில்லை, இண்டர் மிலானை விட்டார். இங்கிலாந்தில் விதி தடுக்கவில்லை, எட்டு மாதத்தில் பிரென்ட்ஃபோர்டுக்கு ஆடினார். அதே மனிதன், அதே இதயம். டச்சு ஸ்டாப்பர் டேலி பிளிண்ட் அதற்கு முன்பே கருவியோடு திரும்பி வந்தவர். ஆக, இது மருத்துவம் மட்டும் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. இந்த ஆபத்தை யார் சுமப்பது என்று ஒவ்வொரு நாடும் ஒருமாதிரி தீர்மானிக்கிறது. தெளிவாக வேண்டாம் என்றோ, எல்லாம் விளங்கச் சொல்லி "உன் முடிவு" என்றோ சீக்கிரம் சொல்லியிருக்கலாம். இழுத்தடித்ததுதான் எனக்கு உறுத்தல்.

பிறகு ஒருவழியாக அன்வருக்கு ஆட வழி பிறந்தது, ஹிமாசல் லீக் மாதிரி சின்ன இடங்களில் ஆடினார். டெல்லி எஃப்.சி.க்காக 2021 டுராண்ட் கோப்பை ஆடினார், அந்தச் சின்ன அணி காலிறுதி வரை போயிற்று. 2022 ஜனவரியில் எஃப்.சி. கோவா அழைத்தது. மார்ச் 23-இல் பஹ்ரைனில், இந்தியாவின் பெரியவர்கள் அணிக்கு முதல் ஆட்டம். தோல்விதான், 1-2. எந்த கிளப்புக்கு ஆடுவது, மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலா என்று பின்னால் நடந்த ஒப்பந்தச் சண்டை, 2024-இல் அதுவும் நீதிமன்றம் வரை போனது, அதையெல்லாம் பேச இன்னொரு கூட்டம் போடுங்கள், வருகிறேன்.

பெற்றோருக்கு ஒரு சொந்தச் செய்தி. நான் பயிற்சி கொடுத்த ஒரு பையன், காலையில் ரவுண்டு ஓடும்போது கண் இருட்டி விழுந்தான். "வெறும் வயித்தோட வந்திருப்பான்" என்று குளுக்கோஸ் தண்ணி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளை. ஆனால் அன்வர் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஈசிஜிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஓடும்போது மயங்கினான் என்றால் குளுக்கோஸோடு விடாதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று சொல்லி இறங்கிவிடுகிறேன். 2022 ஜூன் 14, கொல்கத்தா சால்ட் லேக், ஆசியக் கோப்பை தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம், ஹாங்காங்கோடு. இரண்டாவது நிமிஷம். எல்லோரும் இன்னும் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள். ஹாங்காங் கோலுக்கு முன்னால் இந்தியாவின் ஸ்டாப்பர் நிற்கிறார், பந்து காலுக்கு வருகிறது, உள்ளே. நாட்டுக்காக அன்வர் அலியின் முதல் கோல். அன்றைக்கு 4-0.

எங்கள் கோச் இப்போது இல்லை. இருந்திருந்தால் இதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டிருப்பார்: "ரெண்டாவது நிமிஷத்துல ஸ்டாப்பருக்கு அங்க என்னடா வேலை?"