வன்னியிலிருந்து போகும் வேலை விண்ணப்பம் எங்கே சறுக்குகிறது?

[காட்சி: மேசையில் ஏ/எல் சான்றிதழ், அடையாள அட்டை, பட்டச் சான்றிதழ்]

இந்த மூன்றிலும் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும், மற்றதில் தலைப்பெழுத்து மட்டும். ஒன்றில் ‘த’வுக்கு ஆங்கிலத்தில் டீஎச், மற்றதில் வெறும் டீ. பெரும்பாலும் நேர்முகப் பரீட்சையில்தான் இது பிடிபடும். அப்போது திருத்த நேரமிராது. அடையாள அட்டையில் உள்ளபடியே சீவியிலும் (சுயவிபரக் கோவை) எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக் கோப்பில் வையுங்கள்.

பட்டமளிப்பு விழா பிந்துகிறதா? பதிவாளர் கிளையில் பெறுபேற்றுக் கடிதம் கேட்டு வாங்கலாம். விழா வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

[காட்சி: சீவியின் ஒரு வரி, பெரிதாக]

“கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவர்.” கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்திலிருந்து போகிற சீவியிலும் இதே வரி, பம்பைமடு வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து போகிறதிலும் இதே வரி. யார் வாசிப்பார்? அதை வெட்டிவிட்டு, இறுதியாண்டு ஆய்வையோ பயிற்சிக் காலத்தையோ அங்கே போடுங்கள்.

விவசாயபீட மாணவி ஒருவர், “சொட்டுநீர்ப் பாசனம் பற்றி ஆய்வு செய்தேன்” என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே? எவ்வளவு காலம்? அவர் கைப்படச் செய்தது எது? திருத்தினால் இப்படி வரும்:

“விசுவமடு, கால் ஏக்கர் மிளகாய்த் தோட்டம். 3 மாதம், வாரம் இருமுறை ஒவ்வொரு வரிசையிலும் சொட்டும் நீரை அளந்தேன். கடைசி வரிசைகளில் நீர் குறைந்தது. துளைகளில் சுண்ணாம்பு படிந்திருந்தது. மென்னமிலம் கலந்த நீரால் கழுவியபின் மீண்டும் அளந்து ஒப்பிட்டேன்.”

இதில் பெருமைச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பிரச்சினையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் என்று தெரிகிறது. அளக்காததை அளந்ததாக எழுதவேண்டாம், “எதை வைத்து அளந்தீர்கள்?” என்று கட்டாயம் கேட்பார்கள். கிளிநொச்சி இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) முடித்தவர்களுக்கும் இதே வழிதான்: மட்டத்தோடு, கழற்றிப் பூட்டிய இயந்திரத்தின் பெயரையும் எழுதுங்கள்.

சீவி இரண்டு பக்கம் போதும், பீடிஎஃப் ஆக அனுப்புங்கள். சிபாரிசாளர் இருவர், உறவினர் அல்லாதவர். உங்கள் விரிவுரையாளரின் பெயரை அவரிடம் கேட்காமல் போட்டால், அவர் மேற்படிப்புக்காக வெளிநாடு போய், பழைய இலக்கம் செத்துக் கிடக்கலாம்.

[காட்சி: வர்த்தமானியின் ஒரு பக்கம்]

அரசாங்க வேலை என்றால் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பாருங்கள். வயதும் தகைமையும் பெரும்பாலும் விண்ணப்ப முடிவுத் திகதியை வைத்தே கணிக்கப்படும். “அடுத்த மாதம் பெறுபேறு வரும்” என்பது அங்கே எடுபடாது. தபாலில் அனுப்பச் சொன்னால் பதிவுத்தபாலில் போடுங்கள். கடித உறையின் இடது மேல்மூலையில் பதவிப் பெயரை எழுதச் சொல்வார்கள், மறக்கவேண்டாம். நியமனம் வரும் என்று சும்மா இருப்பதைவிட, காத்திருக்கும் காலத்தில் தனியார் வேலை ஒன்றில் கைபழகுவது மேல்.

[காட்சி: ஒலிக்கும் போன், அருகில் ஒரு கொப்பி]

011இல் தொடங்கும் அழைப்பு கொழும்பிலிருந்து வருவது. விளம்பரம் என்று வெட்டிவிடாதீர்கள். உங்கள் ஊரில் கவரேஜ் விட்டுவிட்டு வருமென்றால் வீட்டார் ஒருவரின் இலக்கத்தையும் சீவியில் சேருங்கள். ஆனால் எங்கெங்கே விண்ணப்பித்தீர்கள் என்று அவருக்குத் தெரியவேண்டும். இல்லாவிட்டால், “பிள்ளை வயலுக்குப் போட்டுது” என்று சொல்லி அம்மா போனை வைத்துவிடுவா. போனுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி. அழைத்தவர் பெயர், நிறுவனம், திரும்ப அழைக்கவேண்டிய இலக்கம், நேரம் நான்கையும் அதிலேயே எழுதச் சொல்லி வையுங்கள்.