மாதிரித் துண்டு பின்னாமல் ஸ்வெட்டர் வேண்டாம்

தர்மபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கார்த்திகை பிறந்துவிட்டால் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் வெளியே தலைகாட்ட முடிவதில்லை. ஆனால் ஆறு மணிக்கு இதமாக இருந்த ஸ்வெட்டர், பத்து மணிக்கு வெயில் ஏறியதும் பாரமாகிவிடும். அதனால் நம் ஊருக்குப் பின்னும்போது, தலை வழியாக மாட்டும் மாடலைவிட, முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டரே ஏற்றது. பாலக்கோடு, தர்மபுரிப் பக்கம் கையில்லாத ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் போதும்.

முதலில் நூலைப் பார்ப்போம். கடையில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் எடுத்துத் தருகிறார்கள். அக்ரிலிக் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அடிக்கடி துவைக்க வேண்டிய பள்ளிப் பிள்ளைகளின் ஸ்வெட்டருக்கு அது நன்றாகவே உழைக்கும். எது எதுவென்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் பொடிந்தால் ஆட்டுக் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் அக்ரிலிக். காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி. பருத்தியில் குல்லா பின்னினால் ரிப் (இழுத்தால் விரிந்து மீளும் விளிம்புப் பட்டி) நாளடைவில் தளர்ந்து கண்ணுக்கு மேல் இறங்கும். கம்பளிக்கு உள்ள சுருங்கி மீளும் தன்மை பருத்திக்குக் கிடையாது.

பட்டுக்கூடு விளைகிற மாவட்டங்கள் நம்முடையவை. பட்டு நூலிலேயே பின்னலாமே என்று தோன்றும். கூட்டிலிருந்து இழுத்தெடுக்கும் பட்டு நெசவுக்கு உரியது, கைப்பின்னலுக்கு மிக மெல்லிசு. கம்பளியும் பட்டும் கலந்து முறுக்கிய பின்னல் நூல் கிடைத்தால் வாங்குங்கள். பளபளப்பும் உறுதியும் சேர்ந்து வரும்.

அழகான நூலைக் கெடுப்பதும் பெரும்பாலும் ஆசைதான். ஒரே பந்தில் நாலைந்து நிறம் மாறி மாறி வரும் நூலில் முறுக்குப் பின்னல் போட்டால், வண்ணமும் முறுக்கும் மோதி இரண்டுமே தெரியாது. அந்த நூலுக்கு வேலைப்பாடு எதுவும் இல்லாத வெற்றுப் பின்னலே அழகு. முறுக்கு, துளைப் பூ வேலையெல்லாம் ஒரே நிற நூலில் போடுங்கள். பல நிற நூலில் ஒரே நிறம் ஓரிடத்தில் திட்டாகச் சேர்வதும் உண்டு. இரண்டு பந்துகளை வைத்துக்கொண்டு, இதில் இரண்டு வரிசை, அதில் இரண்டு வரிசை என்று மாற்றினால் திட்டு கலைந்துவிடும். பந்துகளின் லேபிளில் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதைக் காட்டும் எண், ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, தேவையானதை மொத்தமாக வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி போனால், அதே நிறம் என்று தருவது கைப்பக்கம் வந்ததும் வேறாகத் தெரியும்.

ஊசியிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் புழங்குகிறது. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்: 8 நம்பர் 4 மில்லிமீட்டர், 10 நம்பர் 3.25 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர் எதிர்; அவர்களுடைய 8 நம்பர் 5 மில்லிமீட்டர். யூடியூப் பார்த்துப் பின்னுகிறவர்கள் நம்பரை விட்டு மில்லிமீட்டரைக் கேளுங்கள்.

இப்போது அளவு பார்க்கும் மாதிரித் துண்டு. பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். 8 பிளை, அதாவது நடுத்தரத் தடிமனுள்ள நூல், 4 மில்லிமீட்டர் ஊசி. 34 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) போட்டு, 15 சென்டிமீட்டர் உயரம் வெற்றுப் பின்னலாகப் பின்னுங்கள். அதைத் துவைத்து, காயவைத்து, பிறகு நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஓரம் சுருளும் என்பதால் ஓரத்தை அளவில் சேர்க்க வேண்டாம். 22 கண்ணி வந்தது என்று வைப்போம். மார்புச் சுற்றளவு 92 சென்டிமீட்டர், தளர்வுக்கு 8 சேர்த்தால் 100. பின்பக்கம் மட்டும் 50 சென்டிமீட்டர், 2.2 ஆல் பெருக்கினால் 110 கண்ணி, தையலுக்கு இரு ஓரமும் ஒவ்வொன்று. கை கொஞ்சம் தளர்ந்து 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிதான் விழுகிறது என்றால், அதே 110 கண்ணி 55 சென்டிமீட்டர் ஆகிவிடும். முழு ஸ்வெட்டரில் 10 சென்டிமீட்டர் கூடுதல்! பல வாரம் பின்னி முடித்தபின் தெரிவதைவிட, ஒரு சாயங்காலத்தில் தெரிந்துகொள்ளலாம் அல்லவா? கண்ணி குறைவாக வந்தால் ஊசியை ஒரு அளவு மெலிதாக்குங்கள். கையை இறுக்கிப் பின்ன முயல வேண்டாம். பத்து வரிசையில் கை பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

குல்லாவுக்குக் கணக்கு வேறு. அது தலையைப் பிடித்து நிற்க வேண்டும், ஆகவே தலைச் சுற்றளவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 56 சென்டிமீட்டர் தலைக்கு 51 சென்டிமீட்டர் குல்லா. அதாவது 112 கண்ணி. வட்ட ஊசியில் போட்டு, முறுக்கிக்கொள்ளாமல் இணையுங்கள். முறுக்கிய வட்டத்தைப் பிறகு சரிசெய்ய வழியே இல்லை, பிரிக்கத்தான் வேண்டும். கண்ணி போடுவதை மட்டும் ஒரு அளவு தடித்த ஊசியில் செய்தால் நெற்றியில் தடம் பதியாது. 3.25 ஊசிக்கு மாறி, இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (மறு கண்ணி) என்று ரிப் 5 சென்டிமீட்டர். பிறகு 4 மில்லிமீட்டர் ஊசியில், மொத்தம் 15 சென்டிமீட்டர் வரும்வரை வெற்றுப் பின்னல்.

உச்சிக்கு 112 கண்ணியை எட்டுப் பங்காகப் பிரித்தால், பங்குக்கு 14. ஒவ்வொரு பங்கிலும் 12 நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்று; ஒரு சுற்றுக்கு 8 குறையும். அடுத்த சுற்றில் குறைப்பு இல்லை. அதற்கடுத்த குறைப்புச் சுற்றில் 12-க்குப் பதில் 11 நிட், பிறகு 10 என்று ஒவ்வொன்றாகக் குறையும். இப்படி மாற்றி மாற்றி 56 கண்ணி வந்ததும், ஒவ்வொரு சுற்றிலும் குறையுங்கள். குறைக்கக் குறைக்க வட்டம் சிறுத்து ஊசிக்கு எட்டாது. இருபுறமும் முனையுள்ள குட்டி ஊசிகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 8 கண்ணி மிஞ்சும்போது நூலை ஒரு முழம் விட்டு அறுத்து, தையல் ஊசியால் கண்ணிகளுக்குள் கோத்து இழுத்து முடியுங்கள். ஒரு 100 கிராம் பந்தில் குல்லா முடிந்து நூல் மிஞ்சும்.

குழந்தைகளுக்குத் தலை வழியாக மாட்டுவதைப் பின்னினால், கழுத்தை முடிக்கும்போது தளர்வாக முடியுங்கள். இரண்டு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 47, 48 சென்டிமீட்டர் இருக்கும். இறுக்கி முடித்த கழுத்தில் நுழைக்கும்போது பிள்ளை அழுவது அதனால்தான். ஒரு தோளில் பொத்தான் வைத்துவிட்டால் சிரமமே இல்லை.

கம்பளியைச் சுடுதண்ணீரில் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கிவிடும், பிறகு விரியாது. ஆறிய தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி, பாயில் பரப்பி நிழலில் காயவையுங்கள். கொடியில் போட்டால் ஈரப் பாரத்தில் நீண்டு தொங்கும். அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, உருகித் துவண்டுவிடும்.

அந்த மாதிரித் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்வெட்டர் துவைக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்துத் துவையுங்கள். முழங்கையில் ஓட்டை விழும் நாளில் அதைப் பிரித்து அடைத்தால், ஒட்டுப்போட்ட நிறம் தனியாகத் தெரியாது. வணக்கம்.