வாட்டியது பனியல்ல, பள்ளிக்குழு

நடுவர் அவர்களே, வணக்கம். 1880-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா, டகோட்டா புல்வெளிகளில் ஒற்றை அறைப் பள்ளி நடத்திய ஆசிரியையை அதிகம் வாட்டியது இயற்கையா, ஊராரா என்பது தலைப்பு. ஊரார்தான், அவர்கள் சார்பில் பள்ளியை நிர்வகித்த பள்ளிக்குழுதான் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் 1888 ஜனவரி 12 பனிப்புயலைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பள்ளியின் கூரை பறந்த பிறகும் நெப்ராஸ்கா ஆசிரியை மின்னி ஃப்ரீமன் தன் மாணவர்களைப் பண்ணை வீடுவரை பத்திரமாகக் கொண்டுசேர்த்தார் என்றார். உண்மைதான்.

ஆனால் அதே நாளில், அதே நெப்ராஸ்காவில், லோயிஸ் ராய்ஸ் என்றொரு ஆசிரியை இருந்தாரே, அவரை ஏன் விட்டீர்கள்? பிற்பகல் 3 மணிக்கெல்லாம் அடுப்பில் போட ஒன்றுமில்லை. அவர் தங்கியிருந்த வீடு சுமார் 75 மீட்டர் தொலைவு. 3 பிள்ளைகளோடு கிளம்பினார். கண்ணை மறைக்கும் பனியில் வழி தப்பியது. 3 பிள்ளைகளும் விறைத்து இறந்தார்கள். அவருடைய பாதங்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. புயல் இயற்கையின் வேலை, ஒத்துக்கொள்கிறேன். பள்ளிக்கு எரிபொருள் வாங்கி வைப்பது யார் வேலை, நடுவர் அவர்களே? வானத்தின் வேலையா?

சாதாரண நாளுக்கே வாருங்கள். பிள்ளைகள் வருமுன்பே ஆசிரியை போய்ச் சாம்பலை அள்ளி, அடுப்பை மூட்ட வேண்டும். நிலக்கரி இல்லாத இடத்தில் வைக்கோலை முறுக்கிப் போடுவார்கள். அது நிமிடத்தில் எரிந்துவிடும், ஒருவர் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பருகே இருப்பவனுக்கு வேர்க்கும், கடைசி பெஞ்சில் மைக்கூடு உறையும். இதற்கிடையில் எட்டு வகுப்புப் பாடம். ஒரு வகுப்பை முன்பெஞ்சுக்கு அழைத்துப் பத்து நிமிடம் ஒப்பிக்கச் சொல்வார். மற்றவர்கள் சிலேட்டில் கணக்குப் போடுவார்கள். பெருக்குவதும் அவரே, தண்ணீர் வாளி நிரப்புவதும் அவரே.

இனி சம்பளத்தைப் பார்ப்போம். பெண் என்றால் ஆணைவிடக் குறைவு. கையில் காசில்லாத பள்ளிக்குழு 'வாரன்ட்' என்று ஒரு சீட்டு எழுதித் தரும்: வரி வசூலானதும் பணம் தரப்படும் என்று பொருள். ஆசிரியைக்குப் பசி வரி வசூலாகும்வரை காத்திருக்குமா? சீட்டைக் கடைக்காரரிடமோ வங்கியிலோ நீட்டுவார். அவர்கள் தள்ளுபடி பிடித்துக்கொண்டுதான் காசு தருவார்கள். 30 டாலர் சீட்டுக்குப் பத்து சதவீதம் பிடித்தால் கைக்கு வருவது 27. ஊர் பட்ட கடனுக்கு வட்டி கட்டியது அந்தப் பெண்! நம் ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டு, சபை நாகரிகம் கருதி விடுகிறேன்.

தங்குவது ஏதாவது ஒரு மாணவன் வீட்டில். பல இடங்களில் தனி அறை கிடையாது, அந்த வீட்டுப் பெண் பிள்ளைகளோடு ஒரே கட்டில். அவர் எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்று ஊரே பார்க்கும். கல்யாணமானால் பெரும்பாலும் வேலையும் போகும்.

பனிக்காலம் வசந்தம் வந்தால் முடியும். வாரன்ட்டுக்கு எந்த மாதத்தில் வசந்தம் என்று எதிரணி அடுத்த பேச்சாளர் சொல்லட்டும். நன்றி.