ஜாடிச் சமவெளியில் வெள்ளைப் பக்கத்தில் நடப்பது

வணக்கம் நண்பர்களே. திருவான்மியூர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பேசுகிறேன். நடுவில் பேருந்து ஹாரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். லாவோஸ் நாட்டின் சியாங் குவாங் மாகாணத்தில் நான் எடுத்த புல்வெளிக் காட்சிகளைப் பார்த்த பலர், குறிப்பாக வார இறுதிகளில் என்னோடு மலையேற வருபவர்கள், ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: அங்கே கூடாரம் அடித்து, இரவில் நெருப்பு மூட்டித் தங்கலாமா? கூடாது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது திரையில் நீங்கள் பார்ப்பது போன்சவான் நகருக்கு அருகிலுள்ள ஜாடிச் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பைன் மரங்கள் நிற்கும் குன்றுகளுக்கு நடுவே அலையலையாகப் புல்வெளி விரிகிறது. அதன் மேல் ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் குடைந்தெடுத்த கல் ஜாடிகள் கிடக்கின்றன. இரும்புக் கால மக்கள் இறுதிச் சடங்குகளுக்காக இவற்றைச் செய்தார்கள் என்பது, 1930-களில் இங்கே ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் மதலேன் கொலானி முதல் இன்றைய அகழாய்வாளர்கள் வரை பலரும் ஏற்கும் கருத்து. யுனெஸ்கோ 2019-இல் இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஜாடிகளுக்கு இடையில் வட்டவட்டமாகத் தெரியும் பள்ளங்களைக் கவனியுங்கள். புல் மூடியிருப்பதால் குளம் வற்றிய இடம் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அவை விமானக் குண்டுகள் விழுந்த குழிகள்.

1962 ஜெனீவா ஒப்பந்தப்படி லாவோஸ் நடுநிலை நாடு. ஆகவே அங்கே அமெரிக்கா நடத்திய போர் வெளியே சொல்லப்படாமலேயே நடந்தது. தெற்கே வட வியட்நாம் தன் படைகளுக்கு ஆட்களும் ஆயுதங்களும் அனுப்பிய ஹோ சி மின் பாதையை அறுப்பதற்காகவும், வடக்கே இந்தச் சமவெளியில் பத்தேத் லாவோ என்ற லாவோஸ் கம்யூனிஸ்ட் படைகளையும் வட வியட்நாமியரையும் எதிர்த்து வாங் பாவ் தலைமையில் போரிட்ட, சிஐஏ பயிற்றுவித்த மோங் மலைவாழ் மக்களின் படைக்குத் துணையாகவும் குண்டுகள் பொழியப்பட்டன. 1964 முதல் 1973 வரை சுமார் 5,80,000 விமானத் தாக்குதல்கள், 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகள். சராசரியாகப் பார்த்தால் ஒன்பது ஆண்டுகள் இரவு பகலாக எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை. சென்னையில் நமக்குத் தெரிந்த போர்த் தடம், 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சுட்டதற்கு உயர் நீதிமன்ற மதிலோரம் இருக்கும் கல்வெட்டு. அதைப் படித்துவிட்டுப் பாரிமுனைக்கு நடந்துவிடலாம். சியாங் குவாங்கில் அப்படி நடந்துவிட முடியாது, ஏனென்றால் விழுந்ததில் ஒரு பகுதி இன்னும் வெடிக்காமல் மண்ணுக்குள் இருக்கிறது.

பெரிய குண்டுகளைவிட அஞ்ச வேண்டியவை கொத்துக்குண்டுகளின் குட்டிகள். வானில் உறை திறந்துகொண்டதும் நூற்றுக்கணக்கில் சிதறும் இவற்றில் பலவும் டென்னிஸ் பந்தின் அளவுதான். சிறுவர்கள் எடுத்து விளையாட நினைப்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. லாவோஸ் மீது வீசப்பட்ட ஏறத்தாழ 27 கோடிக் குட்டிகளில் 8 கோடி வரை வெடிக்காமல் தங்கியிருக்கலாம் என்பது கணக்கு. போர் முடிந்த பிறகு மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோர் வெடிக்காத குண்டுகளால் உயிரையோ உறுப்புகளையோ இழந்திருக்கிறார்கள். மண்ணைக் கொத்தும்போது மண்வெட்டி பட்டு வெடிப்பது ஒரு வகை. தரையில் சமைக்க மூட்டிய அடுப்பின் சூடு கீழே இறங்கி, புதைந்திருந்ததை வெடிக்கச் செய்வது இன்னொரு வகை. கூடார முளை அடிப்பதும் சுள்ளி கூட்டித் தீ மூட்டுவதும் நமக்குப் பொழுதுபோக்கு. அங்கே மண்ணைக் குத்தாமலும் தீ மூட்டாமலும் ஒரு விவசாயியால் பிழைக்க முடியாது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

எங்கே நடக்கலாம் என்பதற்கு அடையாளம் உண்டு. ஜாடித் தளங்களில் தரையோடு தரையாகப் பதித்த சிறு சிமென்ட் கற்களைப் பாருங்கள்: பாதி வெள்ளை, பாதி சிவப்பு, நடுவில் குண்டு அகற்றும் மேக் அமைப்பின் எழுத்துகள். வெள்ளைப் பக்கம் மண்ணுக்கு அடியிலும் சோதித்துச் சுத்தம் செய்த நிலம். சிவப்புப் பக்கம் மேற்பரப்பை மட்டும் பார்த்த நிலம். நாகலாபுரம் மலையில் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகி, சுனையைத் தேடிப் போய்ப் பழகிய கால்களுக்கு இது எளிதல்ல. நல்ல படம் கிடைக்கும் கோணம் எப்போதும் சிவப்புப் பக்கத்தில்தான் இருக்கும் என்பது என் அனுபவம். அந்தப் படம் நமக்கு வேண்டாம். போகும் வழியில் வயலைக் கயிற்றால் பட்டை பட்டையாகப் பிரித்து, மெட்டல் டிடெக்டரோடு ஒவ்வொரு பட்டையாக நகரும் குழுவைத் தொலைவிலிருந்து பார்த்தேன். அதில் பெண்கள் பலர் இருந்தார்கள். கருவி கீச்சிட்டால் நின்று, மண்டியிட்டு, கையால் மண்ணை விலக்குகிறார்கள். பெரும்பாலும் வெறும் இரும்புத் துண்டாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் அதே நிதானம். அந்த வேகத்தைப் பார்த்தால் ஒரு மாகாணத்தைச் சுத்தம் செய்ய எத்தனை தலைமுறை ஆகும் என்பது புரியும். 2016-இல் வியந்தியானுக்கு வந்த அதிபர் ஒபாமா இப்பணிக்கு மூன்று ஆண்டுகளில் 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். கொட்டிய அளவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை என்றே நினைக்கிறேன். கொத்துக்குண்டுகளைத் தடை செய்யும் 2008-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அமெரிக்கா கையெழுத்திடவில்லை, நம் நாடும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாகாணத்தின் பழைய தலைநகரான முவாங் கூன் குண்டுவீச்சில் அழிந்ததால்தான் போன்சவான் தலைநகரானது. முவாங் கூனில் கூரை இழந்த வாட் பியா வாட் கோயிலில், செங்கல் தூண்களுக்கு நடுவே பெரிய புத்தர் வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார். தாம் பியூ குகைக்கும் போங்கள். 1968 நவம்பர் 24 அன்று விமானத்திலிருந்து ஏவிய ராக்கெட், உள்ளே ஒளிந்திருந்த 374 பேரைக் கொன்றதாக நினைவிடம் குறிப்பிடுகிறது. குகையில் நான் கேமராவை அணைத்துவிட்டேன், ஆகவே காட்சி இல்லை.

பான் நாப்பியா கிராமத்தில் போர்க்கால அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்க்கிறார்கள். மரச்சட்டத்தில் சாம்பல் கலந்து செய்த அச்சில் ஒரு அகப்பை உலோகத்தை ஊற்றினால், சில நொடிகளில் கரண்டி தயார்; பிசிறைச் சீவி அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அதை வாங்கலாமா என்று தயங்குபவர்கள் உண்டு, ஏனெனில் உலோகத்துக்கு விலை கிடைப்பதால்தான் சிலர் ஆபத்தான துண்டுகளைப் பொறுக்கப் போகிறார்கள். வார்ப்பவரிடமே ஒன்றிரண்டு வாங்குவதில் எனக்குத் தவறு தெரியவில்லை. தோட்டா உறை, குண்டு மூக்கு போன்றவற்றை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். அவ்வியாபாரம் அங்கே சட்டவிரோதம், விமான நிலையத்திலும் விடமாட்டார்கள்.

வழி எளிது. சென்னையிலிருந்து பாங்காக் வரை விமானம், அங்கிருந்து நோங் காய் வரை இரவு ரயில், மேகாங் பாலத்தைத் தாண்டினால் வியந்தியான். அங்கே செயற்கைக் கால் செய்து தரும் கோப் மையத்தின் காட்சிக்கூடத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். வடக்கே போகும்போது எதைப் பார்க்கிறோம் என்பது விளங்கும். 2021-இல் ஓடத் தொடங்கிய ரயிலில் லுவாங் பிரபாங் போய், அங்கிருந்து மினி வேன் பிடிக்கலாம். மார்ச், ஏப்ரலில் காடு எரிக்கும் புகை மலைகளை மறைத்துவிடும், ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். இரவில் குளிர் கடுமை, கம்பளி அவசியம். போன்சவானில் சிறு விடுதிகளுக்குக் குறைவில்லை. வேனில் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். போன்சவான் சாலையின் வளைவுகள் கொல்லிமலை போய்ப் பழகிய வயிற்றையும் புரட்டிவிடும்.