ஓய்வுநாள் யாருக்குக் கடமை?
பாறசாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"யூதர்கள் மட்டுமா, கிறிஸ்தவர்களும் ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டுமா?" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை வரைக்கும் இது வீட்டுக்குள்ளேயே நடக்கிற வழக்கு. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவார், தம்பி சனிக்கிழமைச் சபையில் சேர்ந்திருப்பார். கல்யாணத் தேதி குறிக்க உட்காரும்போது இரண்டு பேரும் வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் கட்டளை இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்டது. கிறிஸ்தவர் மேல் அது கடமையாக விழவில்லை. அதே கட்டளையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொடுக்கவும் யாருக்கும் அதிகாரம் தரப்படவில்லை. ஆனால் அந்தக் கட்டளையில் நம்மை விடாத ஒரு பங்கு உண்டு. நம் கைக்குக் கீழே வேலை செய்கிறவருக்கு நாம் ஓய்வு கொடுக்க வேண்டும். சனியா ஞாயிறா என்று நாம் வாதாடுகிற வேகத்தில் இந்தப் பங்கை இரண்டு பக்கத்தாரும் மறந்துவிட்டோம் என்பதுதான் என் மனவருத்தம்.

சனிக்கிழமைச் சகோதரர்களின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது லேசான வாதம் இல்லை. தேவன் ஏழாம் நாளை ஆசீர்வதித்தார் என்று ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. அப்போது யூதர் என்று ஒருவரும் பிறக்கவில்லை. கொலை செய்யாதே, களவு செய்யாதே என்பவை நமக்கும் உரியவை என்றால் அதே பத்துக் கட்டளைகளில் நான்காவதான ஓய்வுநாள் கட்டளை மட்டும் எப்படி விழுந்துபோகும் என்று கேட்கிறார்கள். இயேசு தம் வழக்கத்தின்படி ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார். இதெல்லாம் உண்மை.

"இது அமெரிக்காக்காரர்கள் கொண்டுவந்த புதுச் சரக்கு" என்று சிலர் ஒதுக்கித் தள்ளுவார்கள். அதுவும் நியாயம் இல்லை. ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபை 1863இல் அமெரிக்காவில் அமைப்பாக உருவானது. அதற்கு இரு நூறு ஆண்டு முன்பே இங்கிலாந்தில் ஏழாம்நாள் பாப்டிஸ்டுகள் இருந்தார்கள். எத்தியோப்பிய சபை நெடுங்காலமாகச் சனி, ஞாயிறு இரண்டையும் மதித்து வருகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில், சட்டம்பிள்ளை என்று பெயர் பெற்ற அருமைநாயகம் 1857இல் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து நம்மவர்களே நடத்தும் தனிச் சபையை நிறுவினார். அந்தச் சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்துக்கொண்டது. அட்வென்டிஸ்ட் ஊழியர்கள் இந்தியாவுக்கு வந்ததோ 1890களில்தான். தமிழர்கள் வேதத்தைத் தாங்களே வாசித்து இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, என் பதில். ஆதியாகமத்தில் ஓய்ந்திருந்தவர் தேவன். மனிதருக்கு அங்கே கட்டளை ஏதும் இல்லை. ஆபிரகாமோ ஈசாக்கோ யாக்கோபோ ஓய்வுநாள் ஆசரித்ததாக ஒரு வரிகூட இல்லை. ஜனங்கள் ஏழாம் நாளில் ஓய்ந்திருப்பதை நாம் முதலில் பார்ப்பது யாத்திராகமம் 16இல், வானத்திலிருந்து மன்னா என்ற ஆகாரம் பொழிந்த வனாந்தரத்தில். அதே புத்தகத்தின் 31ஆம் அதிகாரம், இது எனக்கும் இஸ்ரவேல் புத்திரருக்கும் அடையாளம் என்று தெளிவாகச் சொல்கிறது. பிறகு, யூதரல்லாத புறஜாதியிலிருந்து வந்த விசுவாசிகள் மேல் எதைச் சுமத்துவது என்று எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடி முடிவெடுத்தார்கள். அப்போஸ்தலர் 15ஐப் பாருங்கள். விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கையும் விலக்கச் சொன்னார்கள். ஓய்வுநாள் அந்தக் கடிதத்தில் இல்லை. அது கட்டாயம் என்று அவர்கள் நினைத்திருந்தால் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

கொலோசெயர் 2:16இல் பவுல், பண்டிகை நாள், மாதப்பிறப்பு, ஓய்வுநாட்கள் ஆகியவற்றைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்கிறார். இது வருஷாந்தரப் பண்டிகை ஓய்வுகளைப் பற்றியது, வாராந்தர ஓய்வுநாளைப் பற்றியது அல்ல என்று சொல்வார்கள். ஆனால் 1 நாளாகமம் 23:31இலும் எசேக்கியேல் 45:17இலும் இதே மூன்றும் சேர்ந்து வருகின்றன. வருஷத்துப் பண்டிகை, மாதப்பிறப்பு, வாரத்து ஓய்வு என்ற வரிசை அது. பவுல் யூதப் பள்ளியில் படித்தவர்; அந்த வரிசையைத் தெரிந்தேதான் எழுதினார்.

இதில் யூதர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. மற்ற ஜாதியார் ஓய்வுநாளை ஆசரித்தாக வேண்டும் என்று யூத மார்க்கம் கேட்கவில்லை. எல்லா மனிதருக்கும் பொதுவானவை நோவாவின் சந்ததிக்குரிய ஏழு கட்டளைகள் என்பது யூதர்களின் போதனை நூலான தல்மூதின் போதனை. அந்த ஏழில் ஓய்வுநாள் இல்லை. அது அவர்களுக்கும் தேவனுக்கும் உள்ள உடன்படிக்கையின் அடையாளம். கொங்கணக் கரையில் செக்கு ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரவேல் யூதர்களுக்கு ஊரார் வைத்த பெயர் சனிவார் தேலி. சனிக்கிழமை செக்கை ஓட்டாத எண்ணெய்க்காரர்கள் என்று அர்த்தம். யார் என்று ஊருக்குத் தெரியாமலேயே நூற்றாண்டுக் கணக்கில் அந்த நாளை விடாமல் காத்தார்கள். நம் கேரளத்தில் மட்டாஞ்சேரி ஜெப ஆலயம் 1568இல் கட்டியது. அதற்கும் வெகு முன்பே, 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேட்டில் எபிரேய எழுத்தில் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கின்றன. ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்குக் கிடைத்த உரிமைக்கு யூதர்கள் சாட்சி நின்றார்கள். அவர்களுடைய நாளை நம் பிரசங்கங்களில் சடங்கு, சுமை என்று இளப்பமாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. 39 வகை வேலைகளை விலக்கிய அதே ரபிமார்கள்தான், அதாவது யூத வேத போதகர்கள்தான், ஓர் உயிரைக் காப்பாற்ற ஓய்வுநாளை மீறலாம், மீறவே வேண்டும் என்றும் விதித்தார்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். நானும் அதில் ஒருவன். ஓய்வுநாள் ஞாயிறுக்கு மாற்றப்பட்டது என்று புதிய ஏற்பாட்டில் எங்கேயும் இல்லை. கர்த்தர் உயிர்த்தெழுந்த நாள் என்பதால் அன்று கூடினார்கள், அப்பம் பிட்டார்கள். 150ஆம் ஆண்டு வாக்கில் ரோமில் எழுதிய ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ போதகர், ஞாயிறு ஆராதனையை வரிசையாக விவரிக்கிறார். அதனால் பின்னால் வந்த ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் ஞாயிறைப் புகுத்தினார் என்பது சரியில்லை. ஞாயிறை நான்காம் கட்டளையின்படி ஓய்வுநாள் ஆக்கியது பிற்காலத்து வேலை. லூத்தரன் சபையாரின் விசுவாச அறிக்கையான 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, ஓய்வுநாளுக்குப் பதிலாக ஞாயிறைக் கட்டாயமாகத் திருச்சபை நியமித்தது என்று நினைக்கிறவர்கள் தவறுகிறார்கள் என்றே சொல்கிறது. அப்புறம் இங்கிலாந்தில் வந்த 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, நாள் மாறிவிட்டது என்றது. நம் தாத்தா பாட்டிகள் ஞாயிறன்று துணி துவைக்கப் பயந்ததற்கு வேர் அந்த வழியில்தான் இருக்கிறது.

கான்ஸ்டன்டைன் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 321இல் அவர் போட்ட சட்டம் நியாயாதிபதிகளும் நகரத்தாரும் ஞாயிறன்று ஓய்ந்திருக்கச் சொன்னது. நாட்டுப்புறத்தில் பயிர்வேலை செய்கிறவர்கள் தாராளமாக வேலை பார்க்கலாம், விதைக்கப் பருவம் தவறக்கூடாதே என்று விட்டுவிட்டது. இதை யாத்திராகமம் 34:21ஓடு வைத்துப் பாருங்கள்: விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக. பேரரசர் எந்த இடத்தில் விலக்கு வைத்தாரோ அந்த இடத்தில் மோசே விலக்கே வைக்கவில்லை. வயலில் நிற்கிறவனுக்குத்தான் அந்த நாள் முதலில் தேவை.

உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் இதே கட்டளை இன்னொரு முறை வருகிறது. யாத்திராகமம் சிருஷ்டிப்பைக் காரணம் காட்டியது. இங்கே காரணம் எகிப்து. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்று நினைத்துக்கொள் என்கிறது. மாடு, கழுதை, உன் வாசல்களில் இருக்கிற அந்நியன் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. செங்கல் சூளையில் ஒரு நாள் விடுப்புக் கிடைக்காமல் மாண்ட ஜனத்துக்குக் கொடுத்த கட்டளை இது.

தெற்குத் திருவிதாங்கூர்க்காரர்களாகிய நமக்கு இது அந்நியக் கதை இல்லை. ஊழியம் என்ற பெயரில் கூலி இல்லாமல் அரசாங்கத்துக்கும் மேல்ஜாதியாருக்கும் உழைத்த சந்ததி நாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவரானவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. உத்தரவு வந்த பிறகும் ஞாயிறன்று பிடித்து இழுத்துப்போன அதிகாரிகள் உண்டு. 1855இல்தான் திருவிதாங்கூரில் அடிமைமுறையே சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்னால் வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "இன்றைக்கு நான் வரமாட்டேன்" என்று ஒரு மனிதன் நிமிர்ந்து சொல்ல முடிந்தது என்றால் அது எவ்வளவு பெரிய காரியம்! மைலாடியிலும் நெய்யூரிலும் பாறசாலையிலும் ஆலய மணி அடித்தபோது நம் முன்னோர் காதில் விழுந்தது அதுதான். ஞாயிறு நமக்கு அருமையானது என்றால் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையைவிட இந்தக் காரணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது அந்தச் சந்ததியின் பேரப்பிள்ளைகளாகிய நாம் எப்படி இருக்கிறோம்? நம்மில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், களியக்காவிளையில் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நம் ஓட்டல்களில் பரோட்டா அடிக்கிறார்கள், நம் வீடுகளுக்குக் கல்லும் மண்ணும் சுமக்கிறார்கள். உன் வாசல்களில் இருக்கிற அந்நியன் என்றால் அவர்கள்தான். வேறு யாரைத் தேடப் போகிறோம்? ஆராதனை முடிந்து நாம் குடும்பத்தோடு சாப்பிடப் போகிற ஓட்டலில் அந்தப் பிள்ளைக்கு வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்று கேட்டிருக்கிறோமா? கடைகளில் வேலை செய்கிறவருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு என்பது கேரளத்தில் 1960 முதலே சட்டம். வேதம் இருக்கட்டும், சட்டத்தையாவது நிறைவேற்றுகிறோமா?

"விடுமுறை கொடுத்தால் அவர்களே வேண்டாம் என்கிறார்கள், கூலி போய்விடுமே" என்று முதலாளிமார் சொல்வார்கள். உண்மைதான், கூலி இல்லாத ஓய்வு தினக்கூலிக்காரருக்குப் பட்டினி. அதனால்தான் மன்னாவின் கதையை நிதானமாக வாசியுங்கள் என்கிறேன். தேவன் ஏழாம் நாளில் பொறுக்கப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ஆறாம் நாளில் இரண்டு நாளுக்கான ஆகாரத்தைக் கொடுத்தார். வேதத்தில் வருகிற முதல் ஓய்வுநாளே சம்பளத்தோடு வந்தது. ஓய்வு கொடுக்கிறவர் அந்த நாளின் சாப்பாட்டுக்கும் பொறுப்பு என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

வீட்டு அடுக்களையையும் சேர்த்தே சொல்கிறேன். ஞாயிறென்றால் ஆண்களுக்கு ஆராதனை, இறைச்சி, தூக்கம். பெண்களுக்கு மற்ற நாளைவிட இரட்டை வேலை. முந்தின நாளே சுடவேண்டியதைச் சுட்டு, வேவிக்கவேண்டியதை வேவித்து வையுங்கள் என்று மோசே சொன்னதை யூதக் குடும்பங்கள் இன்றும் வெள்ளிக்கிழமை செய்கின்றன. நம் வீட்டில் ஞாயிறு மதியம் சனிக்கிழமை வைத்த மீன்குழம்பும் கப்பையும் போதும் என்று ஆண்கள் சொன்னால் வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடாது.

"மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்ற வசனத்தை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். எனக்கு வசதியான நாளில் எனக்கு வசதியான வேலையை நான் செய்யலாம் என்பதற்கே பெரும்பாலும் அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் இயேசு ஓய்வுநாளில் செய்ததைக் கவனியுங்கள். பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த பெண்ணை நிமிர்த்தினார். உங்கள் எருதைக்கூட அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இவளை அவிழ்க்க வேண்டாமா என்று கேட்டார். கட்டு அவிழ்க்கிற நாளாக அதைக் கண்டார் அவர்.

ஆகவே சனிக்கிழமை ஆசரிக்கிற சகோதரரிடம் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ரோமர் 14இல் பவுல் சொன்னதுபோல அவரவர் தம் மனதில் முழு நிச்சயத்தோடு இருக்கட்டும். ஆனால் சனிக்காரரானாலும் ஞாயிறுக்காரரானாலும் கடை முதலாளியாகவும் தோட்ட முதலாளியாகவும் இருந்தால், உம்மிடம் வேலை செய்கிறவருக்கு எந்த நாள், சம்பளத்தோடா, சம்பளம் இல்லாமலா என்று நிச்சயமாகக் கேட்பேன்.

இதை நம்மிடமிருந்தே தொடங்கலாம். ஞாயிறு அதிகாலையில் ஆலயத்தைத் திறந்து, கூட்டி, மணி அடித்து, ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, மாலைக் கூட்டம் எல்லாம் முடிந்து விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவர் ஒருவர் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார். சனிக்கிழமை கல்யாணம், வாரநாளில் அடக்க ஆராதனை எதிலும் அவர் இல்லாமல் முடியாது. அவருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் சம்பளத்தோடு விடுமுறை என்றும், அன்றைக்கு அவர் வேலையைக் கமிட்டி உறுப்பினர்கள் முறைவைத்துச் செய்வார்கள் என்றும் அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். எந்தக் கிழமை என்பதை அவரே சொல்லட்டும்.