37ஆம் வசனம் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். வேதாகமத்தின் சில வசனங்கள் ஒரு மொழிபெயர்ப்பில் இருக்க, இன்னொன்றில் காணாமற்போவது ஏன் என்று பேச அழைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக வேதபாட வகுப்பு நடத்துகிறேன். இந்தக் கேள்வி வராமல் ஓர் ஆண்டும் கழிந்ததில்லை.

நம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். தன் முறைக்கு எந்த வசனம் வரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்காதவர் யார்? வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரம் போய்க்கொண்டிருந்தது. எத்தியோப்பிய மந்திரி, "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்கும் 36ஆம் வசனத்தை ஓர் அம்மம்மா வாசித்து முடித்தார். அடுத்திருந்த பையன் கைத்தொலைபேசியைப் பார்த்து, இரதத்தை நிறுத்தச் சொன்ன இடத்துக்குப் போய்விட்டான்.

"தம்பி, ஒரு வசனத்தை விட்டுவிட்டீர்."

"இல்லை அம்மம்மா, இதில் 36க்குப் பிறகு 38தான் இருக்கிறது."

அவர் கண்ணாடியைச் சரிசெய்து அந்தத் திரையை நெடுநேரம் பார்த்தார். "அப்படியானால் யார் எடுத்தது?" என்றார். அதன்பிறகு அன்றைக்கு வாசிப்பு நகரவில்லை. சபையைக் கெடுக்கிறார்கள் என்றார் ஒருவர். அச்சுப்பிழை என்றார் இன்னொருவர். தேநீர் ஆறிப்போனது.

யார் எடுத்தது என்று கேட்கிறோம். யார் சேர்த்தது என்றும் கேட்க வேண்டும் அல்லவா? 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான், சீனாய் என்னும் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் அந்த 37ஆம் வசனம் இல்லை. ஆனாலும் 2ஆம் நூற்றாண்டிலேயே இரேனியு என்னும் சபைத் தந்தை அதன் ஒரு பகுதியை எடுத்தாண்டிருக்கிறார். "முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை" என்று தொடங்கும் அந்த வசனம் ஞானஸ்நானத்தின்போது சபையார் அறிக்கையிட்ட வாக்காக இருந்து, ஓரக்குறிப்பாகி, பின்பு உள்ளே வந்திருக்கலாம் என்பதே என் எண்ணம். பழைய சபையின் விசுவாசம் அதில் கேட்கிறது. அதற்காக, நடபடிகளை எழுதிய லூக்காவே அதையும் எழுதினார் என்று சாதிக்கவும் கூடாது.

இதைக் கேட்டு யாழ்ப்பாணத்தவர் கலங்கலாமா? பாடபேதம், அதாவது பிரதிக்குப் பிரதி சொற்கள் வேறுபடுவது, நமக்குப் புதிதல்லவே! வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை, ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். சைவரான நாவலரோ பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து வேதாகமத் தமிழைச் செப்பனிட்டார். ஏட்டுக்கு ஏடு வேறுபட்டால் இரண்டையும் காட்டி, ஏன் இதைக் கொண்டேன் என்று சொல்வது நம் பதிப்பாசிரியர் மரபு. சங்கப் பாடலுக்குக் காட்டும் நேர்மையை வேதத்துக்கும் காட்டுவோம் என்கிறேன். மறைத்து வைத்தால்தான் பிள்ளைகள் ஒருநாள் தாமாகக் கண்டு, நம்மை நம்பாமற்போவார்கள். இதை எத்தனை தடவையும் சொல்வேன்: மறைக்க வேண்டாம்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையைப் பாருங்கள். யோவான் 8இல் இருக்கிறது. மிகப் பழைய பிரதிகளில் இல்லை. சில பிரதிகள் அதை லூக்கா 21ஆம் அதிகாரத்தின் முடிவில் வைத்திருக்கின்றன. இடம் தேடி அலைந்த கதை அது! பெண்களுக்குப் பாவம் செய்யத் துணிவு வந்துவிடும் என்று அஞ்சிச் சிலர் நீக்கினார்கள் என்று பழைய சபைத் தந்தையான அகுஸ்தீன் எழுதினார். அவர் சொன்ன காரணம் சரியோ இல்லையோ, அந்தக் கதை ஆண்களின் கைக்கல்லைக் கீழே போடச் செய்வது. நான் அதைப் பிரசங்க மேடையிலிருந்து இறக்கமாட்டேன். வாசிக்கும்போது குறிப்பையும் சேர்த்து வாசிப்பேன்.

மாற்கு 16ஐப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கைகாட்டுகிறார்கள். சுருக்கமாக: முன்பு சொன்ன வத்திக்கான், சீனாய் பிரதிகள் இரண்டிலும் மாற்கு 8ஆம் வசனத்தோடு, பெண்கள் பயந்து ஓடும் இடத்தில் முடிகிறது. இன்றிரவு வீட்டில் அதுவரை வாசித்து நிறுத்திப் பேசுங்கள். பிறகு மீதி 12 வசனங்களையும் வாசியுங்கள். திரித்துவம் பற்றிய 1 யோவான் 5:7க்கு இன்று நேரமில்லை. ஐயங்களை நிலையத்துக்கு எழுதுங்கள். வணக்கம்.