பேச்சு போனவங்ககிட்டயும் ஆராய்ச்சி கேள்வி கேக்கணும்

[திரையில்: கடலூர் ஓ.டி. துறைமுகம், விடிகாலை மீன் ஏலம்]

வணக்கம். இந்த ஏலத்துல பிழைப்பே வாயாலதான். விலையை ஓங்கிச் சொல்லணும், கட்டுப்படலைன்னா அந்த நொடியே மறுக்கணும். இங்கேயே வயசைக் கழிச்ச ஒருத்தருக்குப் பக்கவாதம் வந்துட்டதா வைங்க. வலது கை விழுந்துடுச்சு, பேச்சும் போச்சு. பிசியோதெரபியில கை ஓரளவு தேறிடுச்சு, பேச்சு மட்டும் வரல.

இதுக்குப் பேரு அஃபேசியா. மூளையில மொழியைக் கையாளுற பகுதி, பெரும்பாலும் இடது பக்கம், அடிபடுறதால வர்றது. பக்கவாதம் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இது இருக்கும். 1861ல பாரிஸ்ல பால் புரோக்காங்கிற டாக்டர் பரிசோதிச்ச நோயாளி எதைக் கேட்டாலும் "டான்"னுதான் சொல்வார். ஆனா மத்தவங்க சொன்னது பெரும்பாலும் அவருக்குப் புரிஞ்சுது.

[திரையில்: கேள்வித்தாளோட ஆராய்ச்சியாளர், நோயாளி, அவர் மனைவி]

இப்ப நம்ம ஏலக்காரர் வீட்டுக்கு ஒரு ஆராய்ச்சிக் குழு வருது. அவர் வாயைத் திறந்து தடுமாறுறார். உடனே அவங்க பார்வை மனைவி பக்கம் போயிடுது. "ஐயா நல்லா தூங்குறாராம்மா?" அவர் எதிர்லயே உக்காந்திருக்கார். சில ஆய்வுகள்ல இதுகூட இல்ல, பேச்சு வரலைன்னு பட்டியல்லேர்ந்தே எடுத்துடுவாங்க. இது பெரிய அநியாயம். பேச்சு வர்றவங்களை மட்டும் கேட்டு எழுதின முடிவை வெச்சு இவருக்கும் வைத்தியம் பண்ணப்போறாங்க.

சட்டம் இவர் பக்கம்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அஃபேசியாவால வர்ற நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் ஊனமா கணக்குல எடுக்குது. அதோட 6வது பிரிவுப்படி, மாற்றுத்திறனாளியை ஆராய்ச்சியில சேக்க அவரோட சம்மதத்தை அவருக்குப் புரியுற வழியில வாங்கணும். ஆராய்ச்சிக்கு அனுமதி தர்ற குழுவுலயும் பாதிக்குக் குறையாம மாற்றுத்திறனாளிகளோ, அவங்க அமைப்புகளைச் சேந்தவங்களோ இருக்கணும்.

சரி, புரியுற வழின்னா என்ன?

[திரையில்: ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி]

"பேச்சு வரலையா, எழுதச் சொல்லுங்க"ம்பாங்க. தொண்டைப் புற்றுநோயில குரல்வளையை எடுத்தவங்களுக்கு அது சரி, போன்ல டைப் பண்ணிடுவாங்க. அஃபேசியாவுல எழுத்தும் படிப்பும் சேந்தே அடிபடும். அதனால ஒப்புதல் படிவத்தைத் துண்டு துண்டாக்குங்க. ரத்தம் எடுப்போம்னா ஊசிப் படம், கீழ பெரிய எழுத்துல ஒரே வரி. அதையே வாயாலயும் மெதுவா சொல்லுங்க. சொல்லிட்டு அப்புறம் சும்மா இருங்க. அந்த மௌனம் நமக்குத்தான் சங்கடம், அவருக்கு அது தேடுற நேரம்.

இன்னொரு சிக்கல். "இல்ல"ன்னு நினைச்சுட்டு "ஆமா"ன்னு வாய் சொல்லிடும். அதனால திருப்பிப் போட்டுக் கேளுங்க.

"உங்க பேச்சைப் பதிவு பண்ணலாமா?" தலையாட்டுறார்.

"பதிவு பண்ண வேண்டாமா?" அதுக்கும் தலையாட்டுறார்.

அப்ப சம்மதம் இன்னும் கிடைக்கல. படத்தை எடுத்து முதல்லேர்ந்து சொல்லுங்க. ஒரு சிவப்பு அட்டையும் கையில குடுத்துடுங்க, எப்ப நீட்டினாலும் அன்னிக்கு அத்தோட நிறுத்திடணும். இதையெல்லாம் மஞ்சக்குப்பம் ஜி.எச்.லயோ பாண்டிச்சேரி ஜிப்மர்லயோ ஓ.பி. கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டுப் பண்ண முடியாது. அவர் வீட்டுத் திண்ணை போதும். மனைவியும் பக்கத்துல இருக்கட்டும், அவர் சைகை அவங்களுக்குத்தான் அத்துப்படி. ஆனா பதில் அவரோடதா இருக்கணும்.

இதைவிட எனக்கு முக்கியமாப் படுறது, கேள்வித்தாள் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே இவரைக் கூப்பிடுறது. எதை அளக்கணும்னு டாக்டர் யோசிச்சா கை பலம், நடை வேகம்னு போகும். இவர்கிட்ட படங்களைப் பரப்பி வெச்சுக் கேட்டா ஏலக்கூடத்துப் படத்துல விரலை வெப்பார். அங்க மறுபடி நின்னு விலை சொல்ல முடியுதாங்கிறதுதான் அவருக்குக் குணம். அந்தக் கேள்வி தாள்லயே இல்லைன்னா, எத்தனை பேரைச் சேத்தாலும் அதுக்குப் பதில் வராது. அவர் வந்துபோற பஸ் செலவையும், அன்னிக்குப் போற கூலியையும் பட்ஜெட்லயே எழுதிடுங்க.

[திரையில்: போன்ல ஒரு ஆடியோ, கூட நாலு படம்]

ஆய்வு முடிஞ்சதும் கட்டுரை பத்திரிகைக்குப் போயிடும். அதோட ஒரு சின்ன ஆடியோவும் நாலு படமும் இவர் வீட்டு வாட்ஸ்அப்புக்கும் போகணும். அந்தப் படங்கள் புரியுதான்னு அனுப்புறதுக்கு முன்னாடி அவர்கிட்டயே காட்டிக் கேட்டுக்கோங்க.